எங்கள் தெருவுக்கு எப்போது வருவீர்கள்?

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூட்டுக் கீத மாலைக்காக நடந்த முதல் பயிற்சியின்போது ஆற்றிய உரை)



விழாக் கமிட்டியார் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இதற்கு எனக்குள்ள தகுதி மிகவும் சொற்பம். நாற்பது வருஷத்துக்கு மேலாக நம் பாடகர் குழுவில் இருக்கிறேன். என்றாலும் தனியாக ஒரு பாட்டுப் பாடும்படி என்னை ஒருவரும் அழைத்ததில்லை. அது நியாயந்தான். என் சாரீரம் கும்பலோடு சேர்ந்தால் மட்டுமே எடுபடும். ஆகவே கும்பலோடு சேர்ந்து பாடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல நான் ஏற்றவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். "பாடத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று போட்டிருக்கிறது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் "அது நமக்கில்லை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்! அந்த முதல் இரண்டு சொற்களை எடுத்துவிட வேண்டுமென்று பங்குத் தந்தையிடம் கேட்டேன். எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கேரல் பாட்டு எப்படிப்பட்டவர்களுக்காக உண்டாயிற்று என்று பாருங்கள். 'சைலண்ட் நைட்' என்று உலகமெல்லாம் பாடுகிறதே, அது 1818-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ப் என்ற ஊரில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பாட்டை எழுதியவர் அங்கே உதவிக் குருவாக இருந்த ஜோசப் மோர். மெட்டுப் போட்டவர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் க்ரூபர். பெரிய வாத்தியம் ஒன்றுமில்லை, ஒரு கிதார் மட்டும். இருவரும் பாட, ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடிகளையும் பாடகர் குழு திரும்பப் பாடியது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது: இது நமக்குப் புதிதா?

நம் மயிலாப்பூரில் இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கேரல் போவதும் மார்கழி மாதம், பஜனை போவதும் மார்கழி மாதம். கபாலி கோயில் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் அவர்கள் பல்லாண்டு காலம் மார்கழி பஜனை நடத்தி வந்தது ஊரறிந்த விஷயம். அவர் 1973-ல் காலமானார். நான் பார்த்ததெல்லாம் அவருக்குப் பிற்பட்ட பஜனை. எழுபதுகளின் கடைசியில், விடிய விடியக் கேரல் பாடிவிட்டு, தொண்டை கட்டிப்போய், ஆர்மோனியத்தை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் திரும்பி வருவோம். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்திருக்கும் அம்மாமார்கள் எங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள். எதிரே ஜால்ராவோடு பஜனைக் கோஷ்டி வரும். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்போம். ஒரு பெரியவர் ஓரடி பாட, பின்னால் வருகிற சிறுவனும் கிழவரும் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். யாருக்குப் பாடத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அங்கே ஒருவரும் விசாரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. தாளம் தப்பியவருக்கும் சுண்டல் கிடைத்தது. எங்களுக்குந்தான்!

நம்மவர்களும் இந்த வழியில் நடந்தவர்களே. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் சபாக்களில் பாடுகிறார்கள். தாய்மொழியில் வழிபாடு, அதில் மக்கள் எல்லோருக்கும் பங்கு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வழிபாட்டு ஏடு தந்தபோது, மற்ற ஊர்களுக்கு அது எப்படியோ, நம்முடைய கீத பவனிக்கு அது பழைய சங்கதி. பூசை லத்தீனில் நடந்த காலத்திலும் தெருவில் பாடியது தமிழில்தானே.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

1979-ம் வருஷம் எனக்குப் பதினாறு வயது. பெட்ரோமாக்ஸ் தூக்கும் வேலையிலிருந்து எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வீடுகளின் பட்டியலும் உண்டியலும் என் கையில். எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு பிறகு என்று நான்தான் சொல்ல வேண்டும். பங்களாக்கள் இருந்த தெருக்களை முதலில் வைத்தேன். அங்கே கேக் கிடைக்கும், பத்து ரூபாய் நோட்டு விழும். கடற்கரையோரக் குப்பத்துச் சந்துகளைக் கடைசியில் வைத்தேன். ஒரு வீட்டில் காப்பி, ஒரு வீட்டில் பேச்சு, பெட்ரோமாக்ஸில் மேண்டில் உடைந்து வேறு மாற்ற வேண்டியதாயிற்று. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் பஞ்சுத் தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கடைசிச் சந்தை விட்டுவிடலாம், அங்கே ஒன்றும் தேறாது" என்று நான்தான் சொன்னேன். வேறு யார்மீதும் பழி போட முடியாது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்தச் சந்தில் இருக்கும் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார்கள். மீன் விற்கிறவர்கள். "தம்பி, எந்த வழியா போனீங்க? லாந்தரை வாசல்லே மாட்டி வெச்சிருந்தேனே" என்றார்கள். கோபமாகக் கேட்கவில்லை, நாங்கள் வழி தெரியாமல் போய்விட்டோமென்றே நினைத்துக் கேட்டார்கள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்து, "இது உண்டியலுக்குன்னு வெச்சது" என்று என் கையில் கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் பெயரை எழுதி, எதிரே இரண்டு ரூபாய் என்று போட்டேன். அந்த வருஷத்துக் கணக்கில் நான் எழுதிய கடைசி வரி அதுதான். மறு வருஷம் பட்டியலைத் தலைகீழாக்கிவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம், ராத்திரி வேலை செய்து கொண்டிருந்த இடையர்களுக்குத்தானே சம்மனசுகள் முதலில் பாடினார்கள் என்று பெரிய ஞானிபோலப் பதில் சொன்னேன். உண்மைக் காரணத்தை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

பிற்பாடு எத்தனையோ தடங்கல்கள் வந்தன. 1987 டிசம்பர் 24-ந் தேதி விடியுமுன் எம்.ஜி.ஆர். காலமானார், அன்றிரவு பட்டணமே அடங்கிக் கிடந்தது, நாங்களும் பாடவில்லை. 2004-ல் கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் எல்லாம் என்ன பாடு பட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் நாங்கள் நின்று பாடிய சந்துகள் அவை. மறு வருஷம் போகலாமா வேண்டாமா என்று குழுவில் பெரிய தர்க்கம் நடந்தது. துக்க வீட்டில் போய்ப் பாடுவதா என்று கேட்டார்கள். முடிவில், மேளமும் தாத்தாவும் வேண்டாம், மெழுகுவர்த்தியோடு போவோம் என்று போனோம். நாங்கள் இரண்டு பாட்டோடு நிறுத்தப் பார்த்தோம். "போன வருஷம் பாடினதையும் பாடுங்க" என்று அவர்களே கேட்டார்கள். எங்களில் பலருக்குக் குரல் வரவில்லை. அந்தப் பாட்டை முழுக்கப் பாடி முடித்தவர்கள் சந்து மக்கள்தான். 2020-ல் கொரோனா வந்தபோதும் போக முடியவில்லை. அப்போது செல்போனில் ஆளுக்கு ஓரிடத்திலிருந்து பாடிப் பார்த்தோம். ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் தொடங்கினார்!

அதற்குப் பிறகே தெருப் பவனி தேய்ந்தது. ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் காவல்காரர் பெயரும் மாடி எண்ணும் கேட்கிறார். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். ஆகையால், ஒரே நாளில் கோயில் மைதானத்தில் கூட்டுக் கீத மாலையாக நடத்திவிட்டால் போதும், தெருத் தெருவாகப் போக வேண்டாம் என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். கீத மாலைக்கு நான் விரோதியல்ல. நாலைந்து ஆலயத்தார், அதுவும் சி.எஸ்.ஐ. நண்பர்களும் நாமும் ஒரே தாளைப் பார்த்துப் பாடுவது சாமானிய காரியமா? (பாட்டுத் தாளில் "சேசு" என்று போடுவதா, "இயேசு" என்று போடுவதா என்று முன்பொரு தடவை அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் "பாலன்" என்று அச்சடித்துத் தப்பித்தோம்.) ஆனால் படியேற முடியாத கிழவியும், மாடியிலேயே கிடக்கிற நோயாளியும் மைதானத்துக்கு எப்படி வருவார்கள்? மேடையும் விளக்கும் வைத்துப் பாடினால் எதிரே நாற்காலியில் இருப்பவர்கள் கச்சேரி கேட்கிறவர்களாகிவிடுவார்கள். நல்ல கச்சேரி கேட்க நம்மூரில் டிசம்பரில் இடமா இல்லை?

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். மைதானத்தில் நான்கு குரலில் பாடுகிற குழு மூன்று பாட்டுப் பாடட்டும். அவர்கள் உழைப்புக்கு அது உரியது. மற்றதெல்லாம் எடுத்துக் கொடுத்து வாங்கிப் பாடுகிற பாட்டாக இருக்கட்டும். ஆர்மோனியக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: சுருதியை ஒரு கட்டை கீழே இறக்கிப் பிடியுங்கள். மேலே ஏறினால் ஆண்கள் பாதியில் வாயை மூடிவிடுவார்கள், நான்தான் முதல் ஆள். தாளைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கீத மாலைக்கு முந்திய மூன்று நாட்களும் மாலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்துக்குள் திரும்பும்படி தெருப் பவனி நடக்கட்டும். பட்டியல் எழுத நான் தயார். கடைசிச் சந்து முதலில் இருக்கும்.

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு அடுத்த பயிற்சி. பெயர் கொடுக்காதவர்களும் வரலாம். ஆர்மோனியத்தை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். அவர்கள் மட்டும் ஆறே முக்காலுக்கே வந்துவிடுங்கள்.