கை கழுவ நேரம் வேண்டும்

(ஸ்கெலட்டன் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வார்டில் படுத்திருக்கும்போதுதான் புண் சீழ் பிடித்தது என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். உடனே நம் கோபம் யார் மேல் பாய்கிறது? கண்ணெதிரே நிற்கும் நர்ஸ் மேல். அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு என்கிறோம்.

ஆஸ்பத்திரித் தொற்றுக்குப் பெரிய வழி கைதான். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் விதி வகுத்தது. கிருமிநாசினி தேய்க்க 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி.

கணக்குப் போடுவோம். வார்டில் 30 கட்டில், ஒரே நர்ஸ். ஷிப்டில் ஆளுக்கு 4 தடவை தொட்டால் 120 தடவை. முன்னும் பின்னும் சேர்த்து 240 தடவை கை சுத்தம். அரை அரை நிமிஷமாக 2 மணி நேரம்! சோப்பும் தண்ணீரும் என்றால் 4 மணி நேரம்! 8 மணி டியூட்டியில் பாதி இதற்கே போனால் ஊசி யார் போடுவது, கட்டு யார் மாற்றுவது? அதே வார்டில் 5 நர்ஸ் நின்றால் கிருமிநாசினிக்கு ஆளுக்கு 24 நிமிஷம் போதும். குற்றம் கையிலா, ஆள் கணக்கிலா?

5 பேர் நிற்க எத்தனை பதவி வேண்டும்? ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது தெரிந்த கணக்கு. 24 மணி நேரம் ஓடும் ஸ்டேஷனுக்கு மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் மட்டும் போதாது; வார ஓய்வுக்கும் லீவுக்கும் மாற்று ஆள் வேண்டும். நர்சுகளுக்கும் 30 சதவீதம் லீவு ரிசர்வ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. மூன்று ஷிப்டுக்கு 15, ரிசர்வ் சேர்த்து 20 பேர். ரிசர்வை வெட்டினால் ஒருத்தி லீவு போட்ட அன்றே வார்டு தள்ளாடும்.

தலையை எண்ணினால் மட்டும் போதாது. தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு இவற்றுக்கு அதிக ஆள் வேண்டும். தொற்றைக் கண்காணிக்க மட்டுமே தனி நர்சும் வேண்டும். 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 250 கட்டிலுக்கு ஒரு தொற்றுத் தடுப்பு நர்சும், பயிற்சி பெற்ற டாக்டரும், முறையான கண்காணிப்பும் இருந்த ஆஸ்பத்திரிகளில் தொற்று 32 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அந்த 250ஐக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. 100 கட்டிலுக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது என்றும் நிபுணர்கள் சொன்னார்கள்.

நமக்கு இது உயிர்ப் பிரச்சினை. பாறைத் தூசு தின்ற நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பல ஆண்டு பூட்டிக் கிடந்த சுரங்க ஆஸ்பத்திரியை 2021இல், கொரோனாக் காலத்தில், தொண்டர்கள் துப்புரவு செய்து எழுப்பினார்கள். சுவரை ஊர் கூடிக் கழுவிவிடலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நோயாளி அருகே நிற்பது சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற நர்ஸ்தான்.

பணம் இல்லை என்பார்கள். தொற்று வந்தால் நோயாளி கூடுதல் நாள் படுக்கிறார், மருந்துச் செலவு ஏறுகிறது, கூலி போகிறது. அந்தச் செலவை நம் மடியிலிருந்தல்லவா எடுக்கிறார்கள்? 2017 நவம்பரில் தமிழ்நாட்டு ஒப்பந்த நர்சுகள் சென்னையில் நிரந்தர வேலை கேட்டு உட்கார்ந்தார்கள். அது அவர்கள் வயிற்றுக்காக மட்டும் நடந்த போராட்டம் அல்ல, நம் கட்டிலுக்காகவும்தான்.

ஆகவே தகவல் உரிமைச் சட்டம், 2005இன்படி பத்து ரூபாய் கட்டி, நம் அரசு ஆஸ்பத்திரியிடம் எழுதிக் கேட்போம்: அனுமதித்த நர்ஸ் பதவி எத்தனை? காலி எத்தனை? இரவு ஷிப்டில் வார்டுக்கு எத்தனை பேர்? தொற்றுத் தடுப்பு நர்ஸ் உண்டா? முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்த பதிலை லைன் லைனாகப் படித்துக் காட்டுவோம். நர்சோடு சண்டை வேண்டாம். நர்சுக்காகச் சண்டை போடுவோம்!