படிப்பு ஏறவில்லையா? கண்ணைக் கவனியுங்கள்



"எம் புள்ளைக்குப் படிப்பே ஏறலீங்க, மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? பிரம்பை எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். கரும்பலகையில் எழுதியிருப்பது அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறதா?

சின்ன வயதிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் பிள்ளை, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கும். "கண்ணு தெரியலேம்மா" என்று தானாக வந்து சொல்லாது. நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிப்பது, கண்ணை இடுக்குவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வரி மாறிப் படிப்பது, படித்தால் தலைவலி, மாறுகண் இவையெல்லாம் அடையாளங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் காலண்டரை மாட்டி, பிள்ளையைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறுகண். ஏதாவது ஒரு கண் தடுமாறினாலும் தாமதிக்க வேண்டாம். சரியாகப் படித்தாலும், மேலே சொன்ன அடையாளம் இருந்தால் பரிசோதனை அவசியம்.

ஏன் அவசரம்? மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவிடும். அதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். ஏழு வயதுக்குள் கவனித்தால் நல்ல பலன் உண்டு. தள்ளிப்போட்டால் பிறகு கண்ணாடி போட்டும் முழுப்பார்வை வராமல் போகலாம்.

பள்ளி ஆசிரியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 2013 முதல் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். தேவைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் கண்ணாடி இலவசம்.

"பொம்பளைப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா யாரு கட்டிக்குவா?" என்று தயங்காதீர்கள். கண்ணாடி போடாமல் படிப்பை நிறுத்தினால் அவள் எதிர்காலம் என்னாவது? கண்ணாடி போட்டால் பார்வை கெடாது. பச்சிலைச் சாறு, தாய்ப்பால் ஊற்றினால்தான் கண்ணுக்குக் கேடு.

கண்ணில் குறையில்லை, ஆனாலும் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறதா? அப்போதும் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அது கற்றலில் உள்ள சிரமமாக இருக்கலாம். அதற்கும் தனிப் பயிற்சி உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

கணவனும் மனைவியும் கலந்து பேசி, ஒரு நாள் கூலி போனாலும் பிள்ளையை அழைத்துப் போங்கள். அந்த ஒரு நாள், அதன் ஆயுசுக்கும் வெளிச்சம்.