பூஜ்ஜியம் வந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தமா?

இன்னைக்கு எஸ்பிஐ பத்திப் பேசலாம். பேங்க் இல்லைங்க, மைக்ரோகன்ட்ரோலர்ல இருக்கிற சீரியல் பெரிஃபெரல் இன்டர்ஃபேஸ்.

இதுக்கு நான் எடுத்துக்கிற உதாரணம் நம்ம பாலாறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பத்தின வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட், மாசுபடுத்தினவங்களே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொன்னது. பச்சைத் தோலைக் கெடாம வைக்கவே உப்புதான் போடுறாங்க. அதனால வெளியே வர்ற தண்ணியில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்பு, ரொம்ப முக்கியமான எண். லிட்டருக்கு 2100 மில்லிகிராம்ங்கிறது வரம்பு.

அந்த எண்ணை அளந்து பதிவு பண்ண ஒரு சின்ன லாகர் கட்டுறோம்னு வைங்க. ஒரு ஆர்டுயினோ ஊனோ, பக்கத்துல எம்சிபி3208 ஏடிசி சிப். நடுவுல நாலு ஒயர்: கிளாக், மோசி, மிசோ, சிப் செலக்ட். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒரு பிட் போகும், அதே நேரத்துல ஒரு பிட் வரும். பண்டமாற்று மாதிரி. படிக்கணும்னாலும் எதையாவது அனுப்பியே ஆகணும்.

இங்கதான் வில்லங்கம். எஸ்பிஐ-ல "கிடைச்சுதா?"ன்னு கேக்கிற பழக்கமே கிடையாது. ஐ-ஸ்கொயர்-சி-யில எதிர்ப்பக்கம் ஒரு ஒப்புதல் பிட் வரும், இதுல வராது. சிப்பையே கழட்டி வச்சாலும் கிளாக் ஓடும், உங்க புரோகிராமுக்கு ஒரு எண் வந்துடும். மிசோ லைன் கிரவுண்டுக்கு இழுபட்டிருந்தா 0. மேல இழுபட்டிருந்தா 4095. "மைனஸ் வந்தா பூஜ்ஜியமாக்கு"ன்னு ஒரு வரி நம்ம எல்லார் புரோகிராம்லயும் இருக்குமே? அது அந்த 0-வை எடுத்து டிடிஎஸ் பூஜ்ஜியம்னு எழுதிடும். ஒயர் அறுந்த அன்னைக்குத்தான் பாலாத்துல மினரல் வாட்டர் ஓடும்!

தொழிற்சாலை மீட்டர்கள் பலதும் 4-லிருந்து 20 மில்லியாம்ப் வரை கரன்ட் அனுப்பும். நீளமான கேபிளுக்கு அதுதான் சரி. எஸ்பிஐ போர்டுக்குள்ள சில சென்டிமீட்டரோட நிக்கட்டும். இதுல அழகு என்னன்னா, சுத்தமான தண்ணிக்கும் 4 மில்லியாம்ப் வரும். கரன்டே இல்லைன்னா கேபிள் போச்சுன்னு அர்த்தம். அந்தக் கரன்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் வழியா விட்டா 0.88 வோல்ட்லிருந்து 4.4 வோல்ட் வரும். 5 வோல்ட் ரெஃபரன்ஸ்ல அது சுமார் 721-லிருந்து 3604 வரை. 250 ஓம் போட்டா 20 மில்லியாம்ப் நேரா 4095-ல போய் நிக்கும், அறுந்த ஒயரோட குழம்பும். அதனாலதான் 220.

இன்னொண்ணு. எம்சிபி3208 தன்னோட 12 பிட்டுக்கு முன்னாடி எப்பவும் ஒரு பூஜ்ஜிய பிட் அனுப்பும். நிறைய பேர் அதை மாஸ்க் பண்ணித் தூக்கிப் போட்டுடுறாங்க. போடாதீங்க. மிசோவுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வைங்க. அந்த பிட் 1-ன்னு வந்தா சிப் பேசவே இல்லை. அப்போ லாக்ல எண் எதுவும் எழுதாம, "அளவு இல்லை"ன்னு நேரத்தோட எழுதுங்க.