வீலோட முதுகைக் காட்டுங்க

இன்னைக்கு எபிசோட் ஒரு நெல் எடை மெஷின்ல இருந்து ஆரம்பிக்குது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கம். என் சித்தப்பா பையன் ஒரு 2002 மாடல் ஃபியட் பேலியோ 1.6 வச்சிருக்கான். கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். ஆனா அந்த வருஷத்துல, நம்ம ஊர் விலையில, கிட்டத்தட்ட 100 குதிரைத்திறன் இருந்த சின்னக் கார் வேற எது? எங்க தலைமுறைக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

அவன் ஆன்லைன் விளம்பரம் பார்த்து 28,000 ரூபாய்க்கு நாலு அலாய் வீல் வாங்கியிருந்தான். "கம்பெனி ஒரிஜினல் அண்ணா, செட்டா கிடைச்சது"ன்னு பெருமையாச் சொன்னான். வண்டியை எடுத்துக்கிட்டு செங்குறிச்சி டோல் தாண்டினோம். 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிச்சுது. அலைன்மென்ட் பார்த்தாச்சு, பேலன்சிங் ரெண்டு தடவை பண்ணியாச்சுன்னு சொல்றான். இதே வண்டியிலதான் சித்தியை மாசம் ஒரு தடவை ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போய் வர்றான். அதைக் கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

மறுநாள் உளுந்தூர்பேட்டையில ஒரு டயர் கடையில நாலையும் கழட்டினோம். கடைக்கார அண்ணன் போல்ட் ஓட்டையில விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "இன்னா தம்பி, இது ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு"ன்னார். போல்ட்டோட கூம்பு மாதிரி இருக்கிற தலை வந்து உட்கார்ற இடம், ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு இருக்கு. எதிர்ப்பக்கம் பெயின்ட் அப்படியே இருக்கு. நாலு வீல்ல ரெண்டுலதான் இப்படி.

டயரையும் பிரிச்சு, வெறும் வீலை வீட்டுக்குக் கொண்டுவந்து நெல் மூட்டை போடுற மெஷின்ல வச்சோம். முதல் ரெண்டும் 7.1, 7.2 கிலோ. மத்த ரெண்டும் 8.3, 8.5. முன்னாடி இருந்து பார்த்தா நாலும் அச்சு அசல் ஒண்ணுதான். ஒரே அச்சுல வார்த்த வீல்கள் எடையில இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அங்கதான் கதையே இருக்கு. இலேசான ரெண்டுலயும் தயாரிப்பாளர் முத்திரை இருக்கு, அளவு இருக்கு, ஈ.டி. எண் இருக்கு. வீல் மூஞ்சி ஹப்புல உட்கார்ற இடம், ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்குன்னு சொல்றதுதான் அந்த எண். கூடவே சின்ன வட்டமா ஒரு தேதி முத்திரை: நடுவுல வருஷம், சுத்தி மாசம். கனமான ரெண்டுலயும் அளவு மட்டும்தான். அப்பா பேர் இல்லாத சர்டிஃபிகேட் மாதிரி.

இப்போ அந்த 2 மில்லிமீட்டர் விஷயத்துக்கு வர்றேன். நாலு போல்ட் ஓட்டையோட மையத்தையும் தொட்டு ஒரு வட்டம் போட்டா, அதோட விட்டம்தான் பி.சி.டி. இந்த ஃபியட்டுக்கு அது 98 மி.மீ. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஆக்சன்ட்னு மார்க்கெட்ல நிறைய ஓடுறது 100. அதனால காப்பி வீல் பெரும்பாலும் 100-லதான் வரும். 2 மி.மீ. விட்டம்னா ஒவ்வொரு ஓட்டையும் வெறும் 1 மி.மீ.தான் வெளியே தள்ளியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டும் மரை பிடிக்கும், ஸ்பேனர் இறுகினதாவும் சொல்லும். ஆனா கூம்பு முழுசா உட்காராது, ஒரு ஓரத்துலதான் கடிச்சுக்கிட்டு நிக்கும். சுத்தமா பொருந்தாத வீல் இதைவிட எவ்வளவோ தேவலாம். அது மாட்டவே மாட்டாது, ஆபத்தும் இல்லை. கிட்டத்தட்ட பொருந்துறதுதான் நம்மளைக் கொல்லும். ப்ரொடக்ஷன்ல கோட் தள்ளுறவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அளக்கிறது ரொம்ப ஈஸி. ஒரு ஓட்டையோட உள் விளிம்புல இருந்து, நேர் எதிர் ஓட்டையோட வெளி விளிம்பு வரைக்கும் அளங்க. நாலு ஓட்டை வீல்னா அதுவே பி.சி.டி. வெர்னியர் இருந்தா நல்லது. அடுத்து நடு ஓட்டை. ஃபியட் ஹப்புக்கு 58.1 மி.மீ. எங்க கனமான ரெண்டுலயும் 67 இருந்துச்சு. பல வண்டிக்கும் மாட்டட்டும்னு பெருசா வெட்டி விட்டது. அதனால ஹப்பும் வீலைத் தாங்கலை, முழு பாரமும் சரியா உட்காராத நாலு போல்ட் மேலதான்.

இந்த முதுகைப் பார்க்கிற வித்தை நான் கண்டுபிடிச்சது இல்லை. போர்ஷே 911 வச்சிருக்கிறவங்க பல வருஷமா இதைத்தான் பண்றாங்க. 1967 மாடல் 911 எஸ்-ல ஃபுக்ஸ் வீல் வந்துச்சு. ஜெர்மனியில மைனெர்ட்ஸ்ஹாகன்னு ஒரு ஊர், அங்க இருக்கிற ஓட்டோ ஃபுக்ஸ் கம்பெனி செஞ்சது. பூ இதழ் மாதிரி அஞ்சு கை, எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. விஷயம் என்னன்னா, அது உருக்கி ஊத்தின வார்ப்பு இல்லை, சூடா அழுத்தி அடிச்ச ஃபோர்ஜிங். அதனால இலேசு, உறுதி. காப்பிகள் பெரும்பாலும் வார்ப்பு, அதனால கனம். முதல்ல 4.5 இன்ச் அகலம், அடுத்த வருஷம் 5.5, அப்புறம் 6. அந்த 6-லயே 'டீப் சிக்ஸ்'னு ஒண்ணு இருக்கு, குழி கொஞ்சம் ஆழமா இருக்கும். சாதாரண 6 இன்ச் வீலுக்கும் அதுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எதை வச்சுப் பிரிப்பாங்க? கையோட பின்பக்கம் 911.361.020-னு ஆரம்பிக்கிற பார்ட் நம்பர், அளவு, தயாரிச்ச மாசம், வருஷம். கார் 1969, வீல் 1974-னு இருந்தா வீல் ஒரிஜினலா இருக்கலாம், ஆனா அந்தக் காரோட பிறந்தது இல்லை. ரெண்டும் வேற வேற கேள்வி, நிறைய பேர் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

பழைய மினி கூப்பர்ல மாட்டின மினிலைட் இன்னொரு ரகம். 60-கள்ல வந்தது மெக்னீசியம். அதே கனஅளவு அலுமினியத்தோட எடையில மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். இன்னைக்கு அதே எட்டுக் கை டிசைன்ல கிடைக்கிறது பெரும்பாலும் அலுமினியம். காந்தம் வச்சுப் பார்க்கிறதுல பிரயோஜனம் இல்லை, ரெண்டுலயும் ஒட்டாது. பெயின்ட் இல்லாத இடத்துல ஒரு சொட்டு வினிகர் விட்டா, மெக்னீசியம் பொங்கும், அலுமினியம் சும்மா இருக்கும். நிஜ மெக்னீசியம்னு தெரிஞ்சா உடனே சந்தோஷப்படாதீங்க. அரை நூற்றாண்டுல அது உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும், விரிசல் பார்க்காம ரோட்ல ஓட்டக் கூடாது. ஒரிஜினல்னா பத்திரம்னு அர்த்தம் இல்லை.

பி.பி.எஸ். ஆர்.எஸ். பத்தி ஒரே வரி: நிஜமானது மூணு துண்டைச் சேர்த்து போல்ட் போட்டது, காப்பியில அந்த போல்ட்டுகளை அலங்காரத்துக்கு ஒட்டியிருப்பாங்க.

சரி, எங்க கதைக்கு வர்றேன். வித்தவருக்குத் தம்பி போன் பண்ணினான். "ரெண்டு ஒரிஜினல்தானே, மீதி ரெண்டும் அதே மாதிரி தானே இருக்கு?"ன்னார். அதோட கட். காசு வரலை. கனமான ரெண்டையும் திரும்ப வித்துடலாமான்னு தம்பி கேட்டான். இன்னொருத்தர் வீட்டு அம்மாவும் அந்த வண்டியில உட்காருவாங்களேன்னு நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவனே சம்மட்டி எடுத்து ரிம்மை நசுக்கி, காயலாங்கடையில கிலோ கணக்குக்குப் போட்டுட்டு வந்தான்.

வண்டி இப்போ பழைய இரும்பு வீல்லயே ஓடுது, 100 போனாலும் ஸ்டீயரிங் ஆடலை. ஒரிஜினல் ரெண்டும் நெல் மூட்டைக்குப் பக்கத்துல சாக்குல சுத்திக் கிடக்கு. மிச்சம் ரெண்டைத் தேடிக்கிட்டு இருக்கான். விளம்பரம் போடுறவங்ககிட்ட இப்பல்லாம் விலை கேக்கிறதுக்கு முன்னாடி, "பின்பக்கம் போட்டோ அனுப்புங்க"ன்னு கேக்குறான். இதுவரைக்கும் ஆறு பேர்கிட்ட கேட்டதுல ஒருத்தர்தான் அனுப்பியிருக்கார். நாலு பேர் பதிலே போடலை, ஒருத்தர் பிளாக் பண்ணிட்டார்.