சிங்கத்தின் கண்ணீர்

(உளுந்தூர்பேட்டையில் ஊழியப் பங்காளர்களிடையே அளித்த தேவசெய்தி)



மருத்துவ ஊழியக் கூட்டத்தில் சிறுவர் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சத்தியத்தைக் கதையில் பொதிந்து கொடுப்பது நம் தமிழ்த் திருச்சபைக்குப் புதிதன்று. 1678-இல் ஜான் பனியன் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்டு வந்த கதை. திருநெல்வேலிச் சீமையில், கரையிருப்பில் 1827-இல் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, அதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாகப் பாடி 1894-இல் வெளியிட்டார்.

பனியனின் பயணி பரம நகரத்தை நெருங்கும்போது குறுக்கே மரண ஆறு ஓடுகிறது. பாலம் இல்லை. இறங்கியவன் மூழ்கத் தொடங்குகிறான். உடன் வந்த தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். அந்தத் தோழனின் பெயர் நம்பிக்கை. அவன் ஆற்றை வற்றச் செய்யவில்லை. ஆற்றுக்குள் கூடவே இறங்கினான்.

சென்ற நூற்றாண்டில் இவ்வழியில் எழுதியவர் சி. எஸ். லூயிஸ். நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றி 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு கதைகளை வெளியிட்டார். சூனியக்காரி வருகிறாளே என்று பெற்றோர் சிலர் தயங்குவதுண்டு. ஆனால் அந்த நாட்டுக்கு ஆண்டவன் ஆஸ்லன் என்னும் சிங்கம். துரோகம் செய்த ஒரு சிறுவனுக்காகத் தன்னையே பலியாக ஒப்புக்கொடுத்து, விடியற்காலையில் உயிரோடெழும் அந்தச் சிங்கம், யூதா கோத்திரத்துச் சிங்கமாகிய நம் இயேசுவை நினைப்பூட்டவில்லையா?

1955-இல் வந்த கதையில் டிகோரி என்னும் சிறுவனின் தாய் சாகக் கிடக்கிறாள். அம்மாவைக் குணமாக்கும்படி மன்றாடி அவன் அண்ணாந்து பார்க்கும்போது, சிங்கத்தின் கண்கள் கலங்கியிருக்கின்றன. அதற்குப் பின்புதான் குணமாக்கும் கனி கிடைக்கிறது, தாய் பிழைக்கிறாள்.

லூயிஸின் தாயோ பிழைக்கவில்லை. 1908-இல் அவர் புற்றுநோயால் மரித்தபோது லூயிஸுக்கு வயது 9. அந்தப் பிள்ளையும் ஜெபித்திருந்தான். கிடைக்காத கனியைக் கதையில் பறித்து மனதைத் தேற்றிக்கொண்டார் என்று நாம் எண்ணவில்லை. கனிக்கு முன்னே கண்ணீரை வைத்தாரே, அதைக் கவனியுங்கள். பெத்தானியாவிலும் அப்படித்தான்: லாசருவை எழுப்பப் போகிறவர் முதலில் அழுதார்.

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து தாயோடு வந்து வராந்தாவில் காத்திருக்கும் பிள்ளைகள், “அம்மா பிழைச்சிடுமா?” என்று கேட்கிறார்கள். நிச்சயம் பிழைப்பாள் என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. பிழைத்த தாய்க்காகத் துதிக்கிறோம். தாயை இழந்த பிள்ளையிடம் ‘தேவசித்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகாமல், அருகில் உட்காருகிறோம். கல்லறையோடு எல்லாம் முடிந்துபோவதில்லை என்ற உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை, அந்த அழுகையின் நடுவிலேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையால் எத்தனையோ தாய்மார் சுகமாகி வீடு திரும்புகிறார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சுகமாகாதவர்களின் படுக்கையருகேயும் ஒருவர் இருக்கும்படி செய்வதும் உங்கள் காணிக்கையே. இரவு ஜெபத்தில் உங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளையும் நினைத்தருளுங்கள். எல்லாக் கண்ணீரையும் துடைக்கப் போகிற தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.