ஜோடி சேர்த்துப் படித்த புத்தகங்கள்



புத்தகம் படிக்கிறவர்களைப் பார்த்தால் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்க கதை படிக்கிறவரா, கட்டுரை படிக்கிறவரா?" நாவல் வாசகர்கள் ஒரு கட்சி, வரலாறும் வாழ்க்கை வரலாறும் படிப்பவர்கள் எதிர்க்கட்சி என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம். நூலகத்திலும் இருவகைப் புத்தகங்களுக்கும் வேறு வேறு அலமாரிகள். நான் இரண்டு அலமாரிகளுக்கும் மாறி மாறிப் போகிறவன். ஒரு நாவலை முடித்ததும், அதே ஊரையோ அதே தொழிலையோ அதே காலத்தையோ பற்றி உண்மையில் நடந்ததை எழுதிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுப்பேன். அப்படிச் சேர்த்துப் படிக்கும்போது இரண்டு புத்தகங்களுமே முன்பு சொல்லாத விஷயங்களைச் சொல்லத் தொடங்கும். அவற்றில் மூன்று ஜோடிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதல் ஜோடி, தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலும் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'மும்.

மோகமுள்ளை நாயகி யமுனாவுக்காகப் படிப்பவர்கள் அநேகம். நான் திரும்பத் திரும்பப் போவது ரங்கண்ணாவிடம். கும்பகோணத்தில் நாயகன் பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் கிழவர் அவர். காதில் விழுகிற ஒவ்வொரு ஓசையிலும் சுருதி தேடுகிறவர். பாட்டைக் கற்பிக்கும் முன் கேட்கக் கற்பிக்கிறவர். இப்படி ஒரு குரு இருக்க முடியுமா, இது எழுத்தாளரின் ஆசைதானோ என்று நாவலை மூடும்போது ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடு 'என் சரித்திர'த்தைத் திறந்தால், ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்து நிற்கிறார். செய்யுள்களை அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். அருகில் உட்கார்ந்து மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். யோசிக்க இடைவெளி கிடையாது. பாடம் கேட்பதே ஒரு வாழ்க்கை முறையாக இருந்த காலம் அது.

அந்தப் புத்தகத்தில் என்னால் வேகமாகக் கடக்க முடியாத பக்கங்கள் பிள்ளையவர்களின் கடைசி நாட்கள். 1876 பிப்ரவரி. திருவாவடுதுறை. படுக்கையில் இருக்கும் ஆசிரியர் திருவாசகத்தை எடுத்துவரச் சொல்கிறார். அடைக்கலப் பத்தை வாசிக்கச் சொல்கிறார். இன்னும் இருபத்தொரு வயது நிரம்பாத மாணவர் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கிறார். அதைக் கேட்டபடியே ஆசிரியர் பிரிகிறார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஆனந்த விகடனில் தொடராக அதை எழுதும்போது ஐயருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அலங்காரமே இல்லாமல் எழுதுகிறார். நடந்ததைச் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அந்த நடையில் இருக்கிறது.

அதே புத்தகத்தில் 1880 அக்டோபரில் நடந்த சந்திப்பும் இருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான் பழைய நூல்களின் ஏடுகளைத் தேடிய ஐயரின் வாழ்க்கை. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் புரிந்தது இது: ரங்கண்ணா வெறும் கற்பனை இல்லை, அப்படிப்பட்டவர்கள் நம் மண்ணில் வாழ்ந்தார்கள் என்று 'என் சரித்திரம்' சாட்சி சொல்கிறது. ஆனால் குருவின் முன்னால் கைகட்டி நிற்கும் மாணவனுக்குள் என்ன ஓடுகிறது, அவன் எதை மறைக்கிறான், எந்த ஆசை அவன் சாதகத்தைக் கலைக்கிறது என்பதை ஐயரைப் போன்ற ஒரு பெரியவர் தன் சரித்திரத்தில் எழுதமாட்டார். அந்த உள்ளறைக்கு ஜானகிராமன்தான் அழைத்துப் போகிறார்.

இரண்டாவது ஜோடிக்கு உப்புதான் பொருள். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' சின்னஞ்சிறு கட்டுரைகளால் ஆன புத்தகம். எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை, பல்லாங்குழி என்று நம் வீட்டில் கிடக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்குள் இருக்கும் சமூக வரலாற்றைக் காட்டுவார். உப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபின், அடுப்படியில் இருக்கும் உப்பு மரவை மேல் எனக்குப் புது மரியாதை வந்தது. உறவையும் நன்றியையும் சுமக்கிற பொருளாக அல்லவா அதை நம்மவர்கள் வைத்திருந்தார்கள்!

அடுத்து எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979இல் வந்த நாவல். யாரைப் பற்றி எழுதப்போகிறாரோ அந்த மக்களிடமே நேரில் போய், அவர்களோடு பழகி, பார்த்துக் கேட்டு எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். இந்த நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். பொன்னாச்சி என்ற இளம்பெண் அளத்துக்கு வேலைக்கு வருகிறாள். பாத்தியில் உப்பு வாரும் பலகை, தலையில் சுமக்கும் கொட்டு, குவிந்து கிடக்கும் அம்பாரம், கண்ணைப் பறிக்கும் வெள்ளை, வெடித்துப் பிளக்கும் பாதம். கூலி கொடுக்கும் இடத்தில் அவமானம். பெண் என்பதால் அதற்கு மேலும் ஒரு பயம். குடிக்கும் தண்ணீருக்கே அங்கே பாடுபட வேண்டியிருக்கிறது.

உப்புக்கு ஒரு பண்பாடு இவ்வளவு மரியாதை கொடுக்கிறது. அதை விளைவித்தவருக்கு அதில் ஒரு கல் அளவும் கொடுக்கவில்லை. இதை எந்த ஆசிரியரும் ஒரே வரியாக எழுதிவைக்கவில்லை. இரண்டு புத்தகங்களும் என் மேசையில் ஒன்றாகக் கிடந்தபோது எனக்கு உறைத்தது. அன்றுமுதல் ரசத்தில் உப்பு போடும்போதெல்லாம் பொன்னாச்சி நினைவுக்கு வருகிறாள்.

மூன்றாவது ஜோடி கடல் கடந்தது. ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற புத்தகத்தால் அந்தப் பெயரையே தனக்குப் பெற்றவர். 1937இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. அந்தக் கதையை அவர் எழுதியது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகக் கிடைக்கிறது. அதில் என்னை வியக்க வைப்பது அவருடைய அடக்கம். இத்தனை பெரிய காரியத்தைச் செய்தவர் 'நான்' என்று நெஞ்சு நிமிர்த்தும் ஓர் இடம்கூடக் கண்ணில் படாது. கண் முழுவதும் வெளியே, எதிரில் இருக்கும் மனிதர்மேல்.

அதே காலத்தில் கடல் தாண்டிப் போன இன்னொருவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளவயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டாவது, 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதிலிருந்து தொடங்குகிறது. வட்டிக்கடைப் பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று ஒரு முழு உலகம். நாயகன் பாண்டியன் சரக்குத் தோணியில் பினாங்குக்குப் புறப்படுகிறான். மலாக்கா நீரிணையில் புயல் பிடிக்கிறது. அந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியங்களே ஏறி இறங்கும். அதைவிடப் பெரிய புயல் பாண்டியனின் மனசுக்குள் அடிக்கிறது. சுமத்ராவில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களில் நடக்கிறான், தன் ஊர் சின்னமங்கலத்துச் சந்தைக்குப் போய் வருகிறான்.

செட்டியாரைப் படித்தால், தமிழர் ஒருவர் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்று தெரியும். சிங்காரத்தைப் படித்தால், அந்த உலகம் போரில் நொறுங்கியபோது ஒரு தமிழனுக்குள் என்ன நொறுங்கியது என்று தெரியும். அந்தக் காலத்தை முழுதாக அறிய எனக்கு இரண்டு பேருமே வேண்டியிருந்தது.

நேயர்களே, மெய்யான வரலாற்றை மட்டும் படித்துக்கொண்டே இருந்தால் மனிதர்கள் மெல்ல மெல்லப் பெயர்களாகவும் ஆண்டுகளாகவும் சுருங்கிவிடக்கூடும். கதையை மட்டும் படித்தால், பிறர் படும் பாட்டைக்கூடக் 'கதைதானே' என்று ஒதுக்கும் மனம் வந்துவிடக்கூடும். நாவல் நம்மை இன்னொருவர் மனத்துக்குள் உட்கார வைக்கிறது. வரலாறு அவர் உண்மையிலேயே வாழ்ந்தார் என்று நம் கையைப் பிடித்துச் சொல்கிறது. இரண்டும் சேரும்போதுதான் படிப்பு நம் நடத்தையைத் தொடுகிறது என்பது என் திடமான நம்பிக்கை.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் ஊரை, உங்கள் தொழிலை, உங்கள் குடும்பம் வந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தோடு தொடர்புள்ள குடும்பம் என்றால், தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவலில் தொடங்கலாம். கருப்பனும் வள்ளியும் மலையேறும் அந்தக் கதையைப் படித்துவிட்டு, நூலகரிடம் தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றிய புத்தகம் கேளுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவில்லையா? உங்கள் தெருவிலேயே அந்த வேலை பார்த்த பாட்டியோ தாத்தாவோ இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் அந்த நாவலைப் படித்துவிட்டுத் தேடும் இரண்டாவது புத்தகம், நீங்கள் எழுதியதாக இருக்கட்டும்.