மீண்டும் மேடை ஏறிய முதுபாடகர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழின் தொன்மையையும் சங்கப் புலவர்தம் மாண்பையும் அறிஞர்கள் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்து வந்துள்ளோம். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. மேடையில் பாடுவதை விட்டு ஒதுங்கி 15 ஆண்டுகள் கழிந்த பின்னர், தமது 73ஆம் வயதில் மீண்டும் மேடை ஏறி, உலகெங்கும் சுற்றிப் பாடிய ஒரு முதுபாடகரின் வரலாறு அது. அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் 1934ஆம் ஆண்டு பிறந்த லெனார்டு கோஹன் என்பவர் அவர்.

தமிழ்ச் சங்கத்து மேடையில் கனடா நாட்டவர்க்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை இரண்டு உண்டு. நாம் வாழும் இந்த மும்பை மாநகரம் அவர் வாழ்விலும் ஓர் இடம் பெற்றது என்பது ஒன்று. முதியோர்க்குப் பொன்னாடை போர்த்தும் நம் வழக்கத்தைப் பற்றி அவர் வாழ்க்கை நமக்கு ஒன்று சொல்லுகின்றது என்பது மற்றொன்று. முன்னதை முதலிலும் பின்னதை இறுதியிலும் கூறுவோம்.

கோஹன் முதலிற் கவிஞர், பிறகே பாடகர். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1956இல் வெளிவந்தது. முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1967இன் இறுதியில். அப்போது அவருக்கு வயது 33. ஆழ்ந்த குரல், அடங்கிய இசை, பல்லாண்டு செதுக்கிய சொற்கள், இவையே அவர்தம் முதல். 1984இல் வெளியான 'ஹல்லேலூயா' என்னும் பாட்டினை எழுதி முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பாட்டு அடங்கிய தொகுப்பினை அமெரிக்காவில் வெளியிட அவருடைய இசைத்தட்டு நிறுவனமே அன்று மறுத்துவிட்டது. இன்றோ அப்பாட்டினைப் பாடாத நாடு அரிது.

1993ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணம் அவரைப் பெரிதும் களைப்புறச் செய்தது. அந்நாளில் மேடை அச்சத்தை வெல்ல மதுவின் துணையை அவர் மிகுதியாக நாடினார். பயணம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலீஸ் நகரை அடுத்த பால்டி மலையில் உள்ள சென் பௌத்த மடத்தில் புகுந்தார். ஆங்குத் தம் ஆசானுக்குச் சமைத்துத் தொண்டு செய்தார். 1996இல் துறவியாகவே நிலைபெற்றார். எனினும் வாழ்நாள் முழுதும் அவரை வாட்டிய மனச்சோர்வு மட்டும் விலகவில்லை. 1999இல் மலையை விட்டு இறங்கிய அவர், அதே ஆண்டில் நாடி வந்த ஊர் நமது மும்பை.

இங்கே அவர் தேடி வந்தது இரமேஷ் பல்சேகர் என்னும் பெரியாரை. அவர் காவி உடுத்தவர் அல்லர். வங்கியில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். பீடிக் கடை வைத்துப் பிழைத்த ஞானி நிசர்கதத்த மகராஜின் மாணவர். தென் மும்பையில் தமது இல்லத்தில் காலை வேளைகளில் அத்துவிதப் பொருளை வருவோர்க்கு விளக்கி வந்தார். எளிய விடுதி ஒன்றில் தங்கி, நாள்தோறும் நடந்து சென்று, கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து கேட்டார் கோஹன். அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்தார். அக்காலத்திலே தம் மனச்சோர்வு மெல்ல மெல்லக் கரைந்தது என்று பின்னாளில் அவரே கூறியுள்ளார். நாம் மின்தொடரில் நெருக்குண்டு அலுவலகம் சென்ற அதே நாட்களில், இவ்வூரின் மற்றொரு மூலையில் ஒருவர் தம் உள்ளத்தின் சுமையை இறக்கி வைத்துக் கொண்டிருந்தார்.

மனச்சுமை இறங்கியது, பொருட்சுமை ஏறியது. தம் பொருளியல் அலுவல்களை நெடுங்காலம் நம்பி ஒப்படைத்திருந்த மேலாளர், முதுமைக்கெனச் சேர்த்த செல்வத்தைக் கையாடியதை 2004இல் அவர் அறிந்தார். போனது 50 இலட்சம் டாலருக்கும் மேல். எஞ்சியது ஏறத்தாழ 1,50,000 டாலர். வழக்குத் தொடுத்தார். 2006இல் 90 இலட்சம் டாலர் தரவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு ஏட்டில் நின்றதேயன்றிப் பணம் கைக்கு வரவில்லை. எழுபது கடந்தவர்க்கு இத்தகைய இடி விழுமாயின் அவர் என் செய்வார்?

அன்பர்களே! இவ்விடத்திலேதான் இவ்வரலாற்றின் சாரம் உள்ளது. அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. பழம்பெருமையைச் சொல்லி, இழப்பைச் சொல்லி, அன்பர்களின் இரக்கத்தை நாடுவது ஒரு வழி. தாம் அறிந்த தொழிலைத் திரும்பவும் செய்வது மற்றொரு வழி. அவர் இரண்டாவதையே தேர்ந்தார். அதனையும் எவ்வாறு செய்தார் என்பதே நாம் நெஞ்சில் இருத்தத்தக்கது.

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயணம் அறிவிக்கப்பட்டது. தம்மை நினைப்பார் இன்னும் உளரோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஆகவே முதலில் செய்தது பயிற்சி. இளைய இசைவாணர்களைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று திங்கள் ஒத்திகை நடத்தினார். தாமே எழுதித் தாமே பல நூறு முறை பாடிய பாட்டுகளுக்கு மூன்று திங்கள் ஒத்திகை! முன்னைப் பயணத்தில் துணைநின்ற மது இம்முறை இல்லை. 2008 மே 11ஆம் நாள் கனடாவின் பிரடரிக்டன் என்னும் சிறு நகரில், சில நூறு பேரே அமரத்தக்க சிற்றரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. பேரரங்குகள் காத்திருந்தும் சிற்றரங்குகளில் குரலையும் உடலையும் முதலிற் சோதித்துக்கொண்டார்.

அதன்பின் அவர் சென்ற வேகம் வியக்கத்தக்கது. சூன் 29ஆம் நாள் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திறந்தவெளி விழாவில் பல்லாயிரவர் முன் பாடினார். சூலை 17ஆம் நாள் இலண்டன் ஓ-2 பேரரங்கில் பாடினார். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2009இல் வெளிவந்தது. முன்பு மேடையில் நின்றபோது தமக்கு 60 வயது, கனவு காணும் சிறுபிள்ளை என்று அவர் சொல்ல, அரங்கமே நகைத்தது. 2009 பிப்ரவரியில் நியூயார்க்கு நகரில் பாடினார். அமெரிக்க மண்ணில் 15 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதல் முறை. ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பாடினார். உடன் வாசிப்போர் தனித்து இசைக்கும்போது தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மார்பில் அணைத்து நின்று கேட்பார். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவையோர்க்கு அறிமுகம் செய்வார். மண்டியிட்டுப் பாடுவார், பாடி முடித்துத் துள்ளி ஓடி மறைவார்.

2009 செப்டம்பர் 18ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு வாலன்சியா நகரில் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் மயங்கி வீழ்ந்தார். உணவு நஞ்சானதே காரணம் என்று கூறப்பட்டது. இனி முடிந்தது என்றே பலர் எண்ணினர். மூன்றாம் நாள், செப்டம்பர் 21, அவருக்கு 75ஆம் பிறந்தநாள். அன்றிரவே பார்சிலோனா நகரில் நின்று முழு நிகழ்ச்சியையும் பாடி முடித்தார்! வள்ளுவர் பெருமான் 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமை என்றும், அதனை அடுத்த 63ஆம் அதிகாரத்தை இடுக்கண் அழியாமை என்றும் வகுத்தார். முயற்சியின் பின்னே துன்பத்திற்குத் தளராமையை அவர் நிறுத்திய காரணம் இத்தகைய நிகழ்ச்சிகளால் விளங்குகின்றது.

"பொருளுக்காகப் பாடியவர்தாமே, இதில் உயர்வு என்ன?" என்று வினவுவாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் மறுமொழி இது. நம் பழம்பாணர் யாழைச் சுமந்து வள்ளல்களை நாடிச் சென்றது எதற்கு? பரிசில் பெற்று வந்த பாணன், வழியிற் கண்ட வறிய பாணனுக்கு ஊரும் வழியும் கூறுவதையே ஆற்றுப்படை என்று ஒரு துறையாக்கி வைத்தனர் நம் முன்னோர். பொருள்வயிற் பிரிதலையும் அகப்பொருளில் ஒரு பிரிவாக வைத்தனர். நெல்லையையும் தஞ்சையையும் சேலத்தையும் விட்டு, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்தம் வழிவந்த நாம், பொருள் தேடிப் புறப்படுதலை இழிவென்று கூறல் ஆகுமோ? தேவை ஒருவரை வீட்டை விட்டு எழுப்பலாம். எழுந்தவர் தம் தொழிலை எவ்வளவு நேர்மையாகச் செய்கின்றார் என்பதிலேதான் உயர்வும் தாழ்வும் உள்ளன.

இதற்குச் சான்று அவர் வாழ்விலேயே உண்டு. முதற் பெரும்பயணம் 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் முடிந்தது. ஏறத்தாழ 250 நிகழ்ச்சிகள்! இழந்த பொருள் ஈடாகிவிட்டது. பொருளே குறியாயின் ஆங்கே நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. 2012 ஆகஸ்டில் பெல்ஜியம் நாட்டு கெண்ட் நகரில் மீண்டும் தொடங்கி, 2013 டிசம்பர் 21ஆம் நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நிறைவு செய்தார். அப்போது அவருக்கு 79 வயது. அதுவே இறுதிப் பயணம் ஆயிற்று. அதன் பின்னும் பாட்டு ஓயவில்லை. உடல் தளர்ந்து நடக்க இயலாதபோது, வீட்டில் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். மகன் உடனிருந்து ஒலிப்பதிவை முற்றுவித்தார். அத்தொகுப்பு வெளிவந்தது 2016 அக்டோபரில். நவம்பர் 7ஆம் நாள், 82ஆம் வயதில், அவர் மறைந்தார்.

இனி, இறுதியிற் கூறுவோம் என்றதற்கு வருவோம். நம் குடியிருப்பில் 60 வயது நிறைந்தவர்க்கு நாம் செய்வது என்ன? அலுவலகத்தில் மாலை, கைக்கடிகாரம். சங்கத்தில் பொன்னாடை, ஒரு புகைப்படம். "எங்கள் பெரியவர்" என்று இரண்டு நிமிடம் புகழ்ந்து, கைத்தட்டி, கைத்தாங்கலாக மேடையிலிருந்து இறக்கி, முதல் வரிசை நாற்காலியில் அமர்த்திவிடுகின்றோம். அதன்பின் மேடையில் திரைப்பாட்டு ஒலிநாடாவுக்குக் குழந்தைகள் ஆடுகின்றனர். பொன்னாடை மதிப்புத்தான், மறுக்கவில்லை. ஆயினும் "உம் வேலை முடிந்தது" என்பதை இனிமையாகச் சொல்லும் முறையும் அதுவே ஆகிவிடுகின்றது.

நம்மிடையே தேவாரம் பண்ணோடு பாடவல்ல முதியோர் உளர். ஊரில் வில்லடித்தவர் உளர். ஆர்மோனியமும் மிருதங்கமும் அறிந்து, பணி நெருக்கடியில் பரண்மேல் ஏற்றிவிட்டவர் உளர். தாலாட்டும் ஒப்பாரியும் நெஞ்சில் சுமந்த அன்னையர் வீட்டுக்கு வீடு உளர். அவர்க்கு வேண்டுவது ஆடை அன்று, அரங்கம். அரங்கத்திற்கு முன் ஒத்திகைக்கு ஓர் இடம். உடன் வாசிக்க நாலு இளைஞர். கேட்க ஓர் அவை. கோஹனுக்கும் இவையே கிட்டின: மூன்று திங்கள் பயிற்சி, இளைய துணைவர், முதலில் ஒரு சிற்றரங்கம். இவை இன்றி அவரும் எழுந்திருக்க இயலாது.

ஆதலின் சங்கப் பெருமக்கள் முன் யாம் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே. இம்மன்றம் வாரத்தில் பல மாலைகள் பூட்டிக் கிடக்கின்றது. அவற்றுள் இரண்டு மாலைகளை முதியோர்தம் பயிற்சிக்குத் திறந்து விடுவோமாக. நம் பிள்ளைகளை அவர் அருகில் அமர்த்துவோமாக. அடுத்த ஆண்டு விழாவில் அவர்க்கு இரண்டு நிமிடப் புகழுரை வேண்டா. ஒரு முழு மணி நேரம் மேடையைத் தருவோமாக. குரல் தளர்ந்திருக்கலாம், தாளம் ஓரிடத்தில் தவறலாம். பொறுத்துக் கேட்போமாக. கேட்பார் உளர் என்று அறிந்தால் குரலும் திரும்பும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு சொல். வயதாயிற்று என்று நீங்களே முதலில் ஒதுங்கிக் கொள்ளாதீர்கள். பரண்மேல் உள்ளதை இறக்கித் தூசி தட்டுங்கள். நாளும் ஒரு நாழிகை பயிலுங்கள். நீங்கள் பாடாது விட்டால், இங்கே பிறந்த எம் பிள்ளைகள் அப்பாட்டினை வேறு எவரிடம் சென்று கேட்பர்?

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.